டிஹுவானாவிலிருந்து வந்த கேட்சர்

நேயர்களுக்கு வணக்கம்.

மெக்சிகோ என்றதும் பேஸ்பால் ரசிகர்களுக்கு நினைவு வருவது பிட்சர்கள்தான். சொனோரா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கிளம்பி, 1981-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தையே பைத்தியமாக அடித்த ஃபெர்னாண்டோ வலென்சுவேலா அவர்களில் பெரிய பெயர். பந்தை எறிகிறவருக்கு இவ்வளவு புகழ் தந்த அந்த நாட்டிலிருந்து, பந்தை வாங்குகிற கேட்சர்கள் பேஸ்பாலின் உச்சநிலையான அமெரிக்க மேஜர் லீகுக்கு அதிகம் வந்ததில்லை. மான்டெரேயில் பிறந்த அலெக்ஸ் ட்ரெவினோ 1978 முதல் 1990 வரை 13 பருவங்கள் ஆடினார். வேறு சிலரும் உண்டு. ஆனால் கேட்சர் என்ற இடத்திலேயே நட்சத்திரமாக ஒருவர் உயர்ந்தது இப்போதுதான். கனடாவின் டொராண்டோ புளூ ஜேஸ் அணியின் அலெஹாண்ட்ரோ கிர்க் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கேட்சர் என்ன செய்கிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் விக்கெட் கீப்பரைப் போல அவரும் பேட்டருக்குப் பின்னால்தான் இருக்கிறார். ஒற்றுமை அத்தோடு சரி. களத்தில் இருக்கும் ஒன்பது பேரில் எட்டுப் பேர் பேட்டரைப் பார்த்து நிற்க, கேட்சர் ஒருவர்தான் எதிர்த்திசையில் மைதானம் முழுவதையும் பார்த்து உட்கார்ந்திருப்பார். அடுத்த பந்து எந்த வகை, எந்த மூலைக்கு என்று யோசனை சொல்வது பெரும்பாலும் அவர்தான். முன்பு விரல்களால் சைகை காட்டுவார்கள். 2022 முதல் சிறு மின்கருவியில் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும். அறுபது அடி ஆறு அங்குலத் தூரத்திலிருந்து, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில், ஓர் இரவில் நூற்றுக்கும் மேற்பட்ட பந்துகள் அந்தக் கையுறைக்கு வரும்.

கிர்க் பிறந்தது 1998-இல், டிஹுவானாவில். அமெரிக்க எல்லையை ஒட்டிய ஊர். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் சான் டியாகோ. புளூ ஜேஸ் அணி அவரை எடுத்தது 2016-இல், அவருக்குப் பதினேழு வயது இருக்கும்போது. விலை 30,000 டாலர். அதிலும் அவர் கைக்கு வந்தது 7,500தான். மீதி, அவரைப் பதிவு செய்து வைத்திருந்த டிஹுவானா டோரோஸ் கிளப்புக்குப் போனது. மெக்சிகோவில் அன்றைய வழக்கமே அப்படித்தான். பையன் கிளப்பின் சொத்து, அமெரிக்க அணி பணம் கொடுத்தால் முக்கால் பங்கு கிளப்புக்கு. இந்த ஏற்பாட்டின் மீது புகார்கள் குவிந்து, 2018-இல் மெக்சிகன் லீக் கிளப்புகளிடமிருந்து வீரர்களை எடுப்பதையே மேஜர் லீக் சில காலம் நிறுத்தி வைத்தது. கிர்க் அதற்கு முன்பே கையெழுத்திட்டுவிட்டார்.

ஏன் இவ்வளவு மலிவு? உயரம் ஐந்தடி எட்டு அங்குலம், எடை ஏறத்தாழ 110 கிலோ. திறமை தேடி வருகிறவர்கள் ஒரு பதினேழு வயதுப் பையனின் தோள், கால், ஓட்டம் எல்லாவற்றையும் பார்த்து, பத்து வருடம் கழித்து இவன் எப்படி இருப்பான் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் இந்த உடம்புக்கு இடமில்லை. 2017-இல் கையில் காயம் வேறு. அந்த ஆண்டே ஏறக்குறைய வீண். 2018-இல் பிளூஃபீல்ட் என்ற சிறிய ஊரில் இருந்த புளூ ஜேஸின் கீழ்நிலை அணியில் களமிறக்கிப் பார்த்தார்கள். 58 ஆட்டங்களில் சராசரி .354. அதாவது மூன்று முறை மட்டையெடுத்தால் ஒரு முறைக்கு மேல் ஹிட்; பந்தை அடித்து, பேஸ் என்ற நிலையை ஓடி எட்டுவதுதான் ஹிட். அடுத்த ஆண்டு ஒரு படி மேலே. அங்கே ஸ்ட்ரைக்-அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட், ஆனதைவிட, கெட்ட பந்துகளை விட்டுவிட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போனது அதிகம். இதற்கு வாக் என்று பெயர். இருபது வயதில் இந்தப் பொறுமை அபூர்வம். எதை அடிக்கலாம், எதை விடலாம் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும். உடம்பைப் பார்த்தவர்கள் கண்ணைப் பார்க்கவில்லை.

2020 கொரோனா ஆண்டு. கீழ்நிலை லீக்குகள் மூடிக் கிடந்தன. கனடா எல்லையும் மூடியிருந்ததால், டொராண்டோ அணி தன் சொந்த ஊர் ஆட்டங்களை அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஆடியது. செப்டம்பர் 12 அன்று கிர்க் அங்கே அறிமுகமானார். வழக்கமாக ஏற வேண்டிய டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்ற இரண்டு படிகளையும் தாண்டி வந்தவர் அவர். அதே மாதம் 21ஆம் தேதி, நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக நான்கு முறை மட்டையெடுத்து நான்கிலும் ஹிட்; அதில் ஒன்று, பந்து வேலியைத் தாண்டிய ஹோம் ரன்.

2022-இல், மேஜர் லீகின் இரு பாதிகளிலிருந்தும் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில், அவற்றில் ஒன்றான அமெரிக்கன் லீகின் தொடக்க கேட்சராக ரசிகர்கள் வாக்குப் போட்டு அவரை அனுப்பினார்கள். அந்தப் பருவத்தில் 14 ஹோம் ரன், 63 வாக், 58 ஸ்ட்ரைக்-அவுட். இந்தக் காலத்தில் பேட்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு வீசி, ஆண்டுக்கு நூற்றைம்பது முறை ஸ்ட்ரைக்-அவுட் ஆவது சாதாரணம். அங்கே நின்று பார்த்தால்தான் இந்த எண்ணின் அருமை தெரியும்.

அதே செப்டம்பரில், கிர்க் மூச்சிரைக்க ஓடி ஒரு ரன் எடுத்த காட்சியைப் போட்டு, இது இந்த விளையாட்டுக்கே அவமானம் என்று மான்ட்ரியல் விளையாட்டு வர்ணனையாளர் ஒருவர் எழுதினார். பதில் சொன்னது கிர்க் அல்ல, சக வீரர் அலெக் மனோவா. நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் அடுத்த தலைமுறைக் குழந்தைகளுக்குக் கனவைக் காட்டிக்கொண்டே இருப்போம் என்ற பொருளில் அவர் எழுதியது ரசிகர்களிடையே வேகமாகப் பரவியது. மனோவாவும் பெரிய உடம்புக்காரர்தான். பிட்சருக்கும் கேட்சருக்கும் இடையில் இப்படி ஒரு நன்றிக்கடன் எப்போதும் இருக்கும். தன் பந்தை யார் காப்பாற்றிக் கொடுக்கிறார் என்பது பிட்சருக்குத்தானே தெரியும்.

அந்தக் காப்பாற்றும் வேலையைத்தான் கொஞ்சம் விளக்க ஆசைப்படுகிறேன். பேஸ்பாலில் இதற்கு ஃபிரேமிங் என்று பெயர். வீடு என்று சொல்லும் ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். பந்து அந்த அகலத்துக்குள், பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையில் வந்தால், அவர் அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக். விளிம்பை உரசிக்கொண்டு வரும் பந்தை அம்பயர் அரை நொடியில் தீர்மானிக்க வேண்டும். பந்தின் வேகத்தோடு கையுறையும் வெளியே இழுபட்டால், அவர் மனசும் இழுபடும், ஸ்ட்ரைக் கிடைக்காது. கிர்க்கைக் கவனியுங்கள். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, கையுறையை மண் தொடும் அளவுக்குத் தாழ்த்தி வைத்துக் காத்திருப்பார். தாழ்வாக வரும் பந்தை நோக்கிக் கை கீழேயிருந்து மேலே எழும், பந்தை வாங்கிய இடத்தில் அப்படியே நிற்கும். ஆட்டமோ குலுக்கலோ இல்லை. பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காதது போலிருக்கும். குள்ளமான, கனமான அந்த உடம்பு இந்த வேலைக்கென்றே வார்த்தது என்பது என் எண்ணம்.

2023-இலும் 2024-இலும் மட்டை அவ்வளவாகப் பேசவில்லை; 2024-இல் ஐந்தே ஹோம் ரன். ஆனாலும் அணி அவரை விடவில்லை, இந்தக் கையுறைக்காகத்தான். 2025 மார்ச்சில் 2026 முதல் 2030 வரை ஐந்து ஆண்டுகளுக்கு 5 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். அதன் பிறகு வந்த பருவத்தில் மட்டையும் திரும்பி வந்தது. 15 ஹோம் ரன், இரண்டாவது முறை ஆல்-ஸ்டார். பருவத்தின் கடைசி நாளில் இரண்டு ஹோம் ரன் அடித்து, அணி தன் பிரிவின் (டிவிஷன்) பட்டத்தைப் பெற உதவினார். பருவம் முடிந்து நடக்கும் பிளே-ஆஃப் சுற்றில், யாங்கீஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மறுபடி இரண்டு.

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியோடு நடந்த இறுதிப் போட்டியான உலகத் தொடரிலும் ஹோம் ரன் அடித்தார். ஆனால் எனக்கு அதில் பிடித்தது ஐந்தாவது ஆட்டம். டிரே யெசாவேஜ் என்ற 22 வயதுப் பிட்சர், அந்த ஆண்டைக் கீழ்நிலை லீகில் தொடங்கியவர், டாட்ஜர்ஸ் பேட்டர்கள் 12 பேரை ஸ்ட்ரைக்-அவுட் ஆக்கினார். உலகத் தொடரில் ஒரு புதுமுகத்தின் சாதனை அது. அவருடைய முக்கிய ஆயுதம் ஸ்ப்ளிட்டர். நேராக வருவது போல் வந்து கடைசியில் பொத்தென்று மண்ணில் விழும் பந்து. கேட்சர் தடுக்கத் தவறினால், பேஸில் இருப்பவர் ஓடிவிடுவார். அந்தப் பந்தை மறுபடி மறுபடி கேட்க, மார்பால் மறித்து நிறுத்தும் துணிச்சல் எதிரே இருக்க வேண்டும். பையன் நம்பி எறிந்தான் என்றால், எதிரே கிர்க் இருந்தார்.

ஆறாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் பிட்சர் ரோக்கி சசாகியின் பந்து கிர்க்கின் கையில் பட்டது. மறுநாள், நவம்பர் 1, ஏழாவது ஆட்டத்துக்கும் அவரே கேட்சர். ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னொரு டாட்ஜர்ஸ் பிட்சர் யோஷினோபு யமமோட்டோவின் பந்தும் அவர் மேல் பட்டது. வழக்கமான ஒன்பது இன்னிங்ஸில் சமநிலை, ஆட்டம் நீண்டது. பதினொன்றாவது இன்னிங்ஸ், டொராண்டோ 4, டாட்ஜர்ஸ் 5. முதல் பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள், ஒருவர் அவுட். மட்டையோடு கிர்க். யமமோட்டோவின் பந்தில் மட்டை உடைந்தது. இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் மூக்கி பெட்ஸ் பந்தை எடுத்து, இரண்டாவது பேஸை மிதித்து, முதல் பேஸுக்கு எறிந்தார். ஒரே பந்தில் இரண்டு அவுட், முன்னதோடு மூன்று; தொடர் முடிந்தது, பட்டம் டாட்ஜர்ஸுக்கு. வேகமாக ஓடுகிறவராயிருந்தால் தப்பியிருக்கலாம் என்று பேசினார்கள். இருக்கலாம். ஆனால் வேகமாக ஓடும் உடம்பு அவருக்கு இருந்திருந்தால், அணி அந்த இன்னிங்ஸ் வரை வந்திருக்குமா என்பதையும் கேட்க வேண்டும்.

2026 முதல் புதிய விதி. ஸ்ட்ரைக்கா இல்லையா என்ற அம்பயரின் தீர்ப்பை எதிர்த்து முறையிடலாம். கேமராக்கள் முடிவு சொல்லும். ஓர் அணிக்கு இரண்டு வாய்ப்பு. முறையீடு சரியென்றால் வாய்ப்பு குறையாது. பிட்சர், கேட்சர், பேட்டர் இவர்களில் ஒருவர், வெளியிலிருந்து யாருடைய உதவியும் இல்லாமல், உடனே தன் தலையைத் தட்டிக் காட்ட வேண்டும். ஃபிரேமிங் கலை செத்துவிடும் என்கிறார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முறையீடு செய்யாத நூற்றுக்கணக்கான பந்துகள் இன்னும் அம்பயர் கண்ணுக்குத்தான் வரும். பேட்டரின் பொறுமையும் கேட்சரின் கையுறையும் ஒரே ஆளிடம் இருக்கிற அணிக்கு, எப்போது தலையைத் தட்டுவது, எப்போது விட்டுவிடுவது என்று சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை.

கேட்டமைக்கு நன்றி. வணக்கம்.