பாதியில் நின்றுபோன மாற்றம்: கப்பல்துர்கா பாறையில்

வணக்கம் நண்பர்களே! கர்நாடகத்தில், கனகபுரா பக்கம் உள்ள கப்பல்துர்காவில் நிற்கிறேன். ஒரு பாறை இன்னொன்றாக மாறுவதைப் பாடப்புத்தகத்தில் வட்டமாக அம்புக்குறி போட்டுக் காட்டுவார்கள். அந்தப் படம் எனக்குப் பிடிப்பதில்லை. எல்லாப் பாறையும் வரிசை தவறாமல் சுற்றிவரும் என்று நினைக்க வைத்துவிடுகிறது.

கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், பாருங்கள். சாம்பல் நிறத்தில் வரிவரியாக இருப்பது நைஸ், அதாவது வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. கருப்பு வரிகளில் மின்னுவது அபிரகம் (மைக்கா). வரியோடு விரலை நகர்த்துகிறேன்... இதோ, மங்கிக்கொண்டே வந்து காணாமல் போய்விட்டது! இந்தத் திட்டு மட்டும் எண்ணெய் தடவியதுபோல் பச்சை கலந்த பழுப்பாக இருக்கிறது, மணிகளும் பருமன். இது சார்னோக்கைட். இரண்டும் ஒரே பாறைதான். ஒரு பகுதி மாறிவிட்டது, பக்கத்திலேயே இன்னொரு பகுதி மாறாமல் நின்றுவிட்டது.

நடந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில். அபிரகத்தின் படிகத்துக்குள்ளேயே நீர் உண்டு. கீழிருந்து விரிசல்கள் வழியே ஏறிய கரியமில வாயு அந்த நீரை வெளியேற்றியது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். நீர் போனதும் அபிரகமும் குவார்ட்ஸ் என்னும் கனிமமும் சேர்ந்து ஹைப்பர்ஸ்தீன், பெல்ட்ஸ்பார் என்னும் நீரில்லாத கனிமங்களாக மாறின. பாறை முழுக்க உருகித்தான் மாற வேண்டும் என்பதில்லை. வாயு எட்டிய இடம் மாறியது, எட்டாத இடம் தப்பியது, அவ்வளவுதான்.

அத்தனை ஆழத்தில் இருந்தது நம் கைக்கு எப்படி எட்டியது என்று கேட்பீர்கள். நிலம் மெல்ல உயர, மேலே இருந்த பாறையை மழையும் வெயிலும் கரைத்துக்கொண்டே போயின. இந்த வட்டாரத்து ஓடைகள் கடைசியில் காவிரியில் சேர்கின்றன. இங்கே உதிரும் குவார்ட்ஸ் மணி டெல்டாவில் மணலாகி, புதைந்து இறுகினால் படிவுப் பாறை.

சார்னோக்கைட்டுக்குப் பெயர் வைத்தவர் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893-இல். கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான்; அவர் பெயரைத்தான் வைத்தார். ஹாலண்ட் இதை உருகிய குழம்பு இறுகி உண்டான தீப்பாறை என்றே கருதினார்; தீப்பாறையா, உருமாறிய பாறையா என்ற வாதம் நெடுங்காலம் ஓடியது.

சென்னைக்காரர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டாம். பரங்கிமலையின் சார்னோக்கைட்டைத் தேசியப் புவியியல் சின்னமாகவே அறிவித்திருக்கிறார்கள். போகும்போது ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள், சுத்தியல் வேண்டாம். அங்கே வரிகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு கமெண்டில் எழுதுங்கள்.