நாம் கட்டும் நூலக வரிக்கு என்ன கிடைக்கிறது? எங்கள் ஊர்க் கிளை நூலகத்திலிருந்து

வணக்கம். சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே இருக்கும் எங்கள் ஊரின் கிளை நூலகத்திலிருந்து பேசுகிறேன். உள்ளே பேப்பர் படிப்பவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பதால் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறேன். இடையிடையே பேருந்துச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த நூலகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன் என்று சென்ற முறை சொன்னபோது, "ஓசியில் பேப்பர் படிக்கிற இடத்துக்குத் தன்னார்வலர் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்காக ஒரு தாள் கொண்டுவந்திருக்கிறேன். இது எங்கள் வீட்டு வரி ரசீது. வீட்டு வரிக்குக் கீழே 'நூலக வரி' என்று தனியாக ஒரு தொகை எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒரு ரூபாய் வீட்டு வரிக்குப் பத்துப் பைசா என்பது கணக்கு. 600 ரூபாய் வரி கட்டும் வீட்டிலிருந்து 60 ரூபாய் நூலகத்துக்கு என்றே வாங்கப்படுகிறது. உள்ளாட்சி நிர்வாகம் அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம் செய்துவைத்த ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமும் அதுவே. இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே வாதாடியவர், இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். ஆகவே கேள்வி கேட்ட அண்ணாச்சி உள்ளே வந்து உட்கார்ந்தால் ஓசியில் உட்காரவில்லை. அவர் கொடுத்த காசில்தான் உட்காருகிறார்.

காலை நேரத்தில் இங்கே நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓய்வு பெற்றவர்கள் தினமணியையும் தினத்தந்தியையும் தாள் தாளாகப் பிரித்துக் கைமாற்றிக்கொள்வார்கள். விளையாட்டுப் பக்கத்துக்கு மட்டும் எப்போதும் போட்டி இருக்கும். பின்பக்க அறையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகளுக்கு விடை எழுத வேண்டிய அந்தத் தேர்வில் 100 கேள்விகள் தமிழிலிருந்து வருகின்றன. அவற்றுக்கு ஆதாரம் பள்ளிப் பாடநூல்கள். தனியார் பதிப்பகங்களின் வழிகாட்டிகளைக் காட்டிலும் ஆறாம் வகுப்பு முதலான பழைய தமிழ்ப் பாடநூல்கள்தான் இங்கே அதிகம் தேய்ந்திருக்கின்றன. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கவும் இடமுண்டு. ஏழு பேர் இருக்கும் வீட்டில் படிக்க மூலை கிடைக்காத பெண்ணுக்கு, ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நானும் அப்படிப் படித்தவள்தான்.

இனி என் வேலைக்கு வருகிறேன். நூலகத்துக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் 'நூலக நண்பர்கள்' திட்டம் தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கப்பட்டது. புத்தகம் வாசகரைத் தேடிப் போவது நமக்குப் புதிதும் அல்ல. 1931-லேயே மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். என்னிடம் மாட்டுவண்டி இல்லை. ஸ்கூட்டியின் முன்பக்கக் கொக்கியில் ஒரு துணிப்பைதான்.

என் பையிலிருந்து அதிகம் புத்தகம் எடுப்பவர்கள் பீடி சுற்றும் பெண்கள். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மடியில் சுளவை, அதாவது முறத்தை வைத்து, இலையை அளவாக வெட்டி, தூளைப் பரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்கி முடிக்கிற வரைக்கும் இரண்டு கைக்கும் ஓய்வில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி என்பதால், கை நின்றால் காசும் நின்றுவிடும். அப்படியானால் யார் படிக்கிறார்கள்? ஒரு வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறாள். அம்மாவோடு பக்கத்து வீட்டு மதினியும் ஆச்சியும் சுளவோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சென்ற வாரம் நான் புத்தகத்தை மாற்றிக் கொடுக்கப் போனபோது ஆச்சி என்னைத் திட்டினார். "கடைசி ஆறு பக்கத்தக் காணலியே தாயி, அவன் திரும்பி வந்தானா இல்லையா?" என்று கேட்டார். பக்கங்களை யாரோ முன்பே கிழித்திருக்கிறார்கள். வேறு கிளையிலிருந்து அதே நாவலை வாங்கித் தருவதாக நூலகர் சொல்லியிருக்கிறார்; அதுவரை அந்தத் தெருப்பக்கம் போக எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

பதிவேட்டில் அந்தப் புத்தகம் ஒரே ஒரு உறுப்பினரின் பெயரில்தான் இருக்கும். மகள் வாசிக்கக் கேட்டவர்கள் மூன்று பேர் என்பதை எழுத அதில் கட்டம் இல்லை. ஒரு நூலகத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

உள்ளே போய் ஒன்றை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன். இந்த அலமாரியின் கீழ்த்தட்டில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு தெரிகிறதா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் நின்ற அளவு அது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாள்களில், தாமிரபரணி எங்கள் தெருவுக்குள்ளும் வந்தது. தண்ணீர் வடிந்ததும் முதலில் வந்தவர்கள் பேப்பர் படிக்கும் தாத்தாக்கள்தான். நனைந்த புத்தகத்தை வெயிலில் விரித்தால் அட்டை முறுக்கிக்கொள்ளும். அப்படியே விட்டால் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் மேல்தட்டில் கட்டிவைத்திருந்த பழைய நாளிதழ்களை எடுத்து, இருபது முப்பது பக்கத்துக்கு ஒன்றாக உள்ளே செருகி, ஈரம் ஏறியதும் உருவி எடுத்து வேறு தாள் வைத்து, மின்சாரம் வந்தபின் விசிறிக்கடியில் நிறுத்திக் காய வைத்தோம். சாதாரணத் தாளில் அச்சான கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் பிழைத்தன. வழவழப்பான தாளில் வந்த சிறுவர் படப் புத்தகங்கள் ஈரத்தோடு ஒட்டிச் செங்கல்லாகிவிட்டன. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமாகப் பிரித்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

சிறுவர் பகுதி இன்றும் அந்த இழப்பிலிருந்து மீளவில்லை. இங்கே எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. வாசகர்கள் தங்களுக்கு வேண்டிய நூல்களை எழுதுவதற்கு நூலகர் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. சென்ற ஆண்டு முழுவதும் அதில் எழுதியிருப்பவை பதினொரு வரிகள். அவற்றில் நான்கு என் கையெழுத்து. 'நல்ல புத்தகமே இல்லை' என்று டீக்கடையில் சொல்பவர்கள் ஒருமுறை இந்த நோட்டிலும் சொல்லலாம். கேட்டதெல்லாம் வந்துவிடாது, உடனேயும் வராது. ஆனால் கேட்காத புத்தகத்துக்காக நூலகர் மேலே எழுதிப் போட முடியாது.

அச்சில் இல்லாத பழைய நூல்களைத் தேடுபவர்கள் நூலகரிடம் சொன்னால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கிறதா என்று கணினியில் பார்த்துச் சொல்கிறார். அதற்குக் கட்டணம் கிடையாது.

உறுப்பினராகச் சேர ஆதார் நகலும், திருப்பித் தரப்படும் ஒரு சிறிய காப்புத்தொகையும், ஆண்டுச் சந்தாவும் போதும். மொத்தமாக ஒரு பிரியாணி விலைகூட ஆகாது. நாளை வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை மாலை நான் இங்கே இருப்பேன். அதற்குள் அந்த நாவல் வந்திருந்தால், கடைசி ஆறு பக்கமும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஆச்சி வீட்டுக்குப் போக வேண்டும்.