கதியால் நகர்ந்த கதை

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

"பிரஷர் நல்லாத்தான் இருக்கு டொக்டர், பண்ணைப் பாலத்தில காத்துக்கு எதிரா சைக்கிள் மிதிக்கத்தான் ஏலாமல் கிடக்கு." இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவரின் கையில் பட்டி கட்டிப் பார்த்தால் 110க்கு 70 இருக்கும். பிழை சொல்ல முடியாது. ஆனால் கையில் நாம் பார்ப்பது இதயத்தின் இடது பக்கத்துக் கணக்கு. வலது இதயவறையிலிருந்து சுவாசப்பைக்குப் போகும் நாடிக்கு வேறொரு பிரஷர் உண்டு. ஓய்வாக இருக்கும்போது அதன் சராசரி சுமார் 14 மில்லிமீட்டர் இரசம். 20ஐத் தாண்டினால் கூடுதல். பட்டிக்கு அது தெரியாது.

சுவாசப்பைக்குள் இருக்கும் சின்ன நாடிகள் தடித்து ஒடுங்கும்போதுதான் சுவாசப்பை நாடி உயர் அழுத்தம் என்ற இந்த நோய் வருகிறது. பெண்களிடம் கூடுதலாகக் காண்கிறோம். முதலில் அடிபடுவது வலது இதயவறை. அதன் சுவர் மெல்லியது. பாரம் கூடக்கூடத் தடித்து, பிறகு வீங்கும். இடது பக்கத்துக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரே வேலி. ஒரு பக்கத்துக்காரர் இரவோடு இரவாகக் கதியாலை, அதாவது வேலிக்கு நட்ட தடியை, நகர்த்தினால் மற்றவர் வளவு சுருங்கும். (இதற்காகக் கோட்டுக்குப் போனவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்!) இரண்டு இதயவறைகளுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான், வெளியே சுற்றியிருக்கும் உறையும் ஒன்றுதான். வலது பக்கம் வீங்கினால் இடம் எங்கிருந்து வரும்?

ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ திரையில் குறுக்காக வெட்டிப் பார்த்தால் இடது இதயவறை மோதிரம் போல வட்டமாகத் தெரிய வேண்டும். இந்த நோயாளிகளில் ஒரு பக்கம் தட்டையாகி, பாதி நிலாவாக நிற்கும். பாரம் சுமக்கும் வலது பக்கம் சுருங்கி முடிக்கக் கொஞ்சம் பிந்துகிறது. இடது பக்கம் விரிந்து நிரம்பத் தொடங்கும் அந்த நேரத்தில் நடுச்சுவர் இடதுபக்கம் தள்ளப்படுகிறது. போதாததற்கு, ஒடுங்கிய சுவாசப்பையைத் தாண்டி வரும் இரத்தமும் குறைவு. ஆக, இடது இதயவறை பலவீனத்தால் அல்ல, பட்டினியால் குறைவாக அனுப்புகிறது. அறிக்கையில் "பம்ப் பண்ணும் சக்தி நோர்மல்" என்று இருக்கும்; ஆள் படியேறும்போது தலைசுற்றி விழுவார்.

களைப்புக்கு ஒரு சேலைன் ஏற்றினால் சரி என்ற எங்கள் நம்பிக்கை இங்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே வீங்கிய வலது பக்கம் இன்னும் வீங்கும், கதியால் இன்னும் நகரும்.

அழுத்தம் இறங்கினால் சுவர் திரும்பி வருகிறது. சுவாசப்பை மாற்று சத்திரசிகிச்சைக்குப் பிறகு வட்டம் மீள்வதை எக்கோவில் காணலாம். ஆனால் நெடுநாள் குறைவாகவே நிரம்பிப் பழகிய இடது இதயவறை, திடீரென முழு இரத்தமும் வந்து சேரும் முதல் நாட்களில் சிலருக்குத் திணறிவிடும். அந்த நாட்களில்தான் நாங்கள் கட்டிலைவிட்டு விலகுவதில்லை.