சேருவாங்களா, மாட்டாங்களா? பிலிப்பைன்ஸோட ‘ராக்கென்ரோல்’

[திரையில்: மடியில உட்கார்ந்திருக்கிற ஒரு பெரிய பொம்மை, ஓவியமா]

1970கள்ல பிலிப்பைன்ஸ்ல ஒரு பொம்மைக்கு ரசிகர் கூட்டம் இருந்துச்சு. பேரு மரியா லியோனோரா தெரேசா. திர்சோ குரூஸ் தன்னோட ஜோடி நடிகை நோரா ஆனோருக்குப் பரிசாக் கொடுத்தது. ரசிகர்கள் அதை அந்த ரெண்டு பேரோட குழந்தையாவே கொண்டாடினாங்க. ஆமா, பொம்மையைத்தான்!

ரசிகர்கள் இப்படிக் கொண்டாடுற திரை ஜோடிக்கு அங்க ‘லவ் டீம்’னு பேரு. ஒரு பையன், ஒரு பொண்ணு. டிவி தொடர், சினிமா, விளம்பரம், எல்லாத்துலயும் அதே ஜோடி. டிக்கெட் எடுக்கும்போதே முடிவு தெரியும். எப்ப சேருவாங்கங்கிறது மட்டும்தான் கேள்வி.

[திரையில்: ‘1998’]

உயிர்த்தோழியோட ஒருதலைக் காதல்னு சொன்னா அந்த ஊர்க்காரங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஸ்டார் சினிமாங்கிற பட நிறுவனத்தோட ‘லாப்ஸ் கீத்தா’ படம். கதை நடக்கிறது பாகியோங்கிற மலை நகரத்துல. நெட்ங்கிற பையன் வேற ஒரு பொண்ணு பின்னாடி சுத்துறான். அவன்கூடவே வளர்ந்த தோழி பூஜாய் மனசுக்குள்ளயே புழுங்குறா. கடைசியில பொறுக்க முடியாம வெடிச்சு அழுது, ‘உனக்கு நான் வெறும் சிநேகிதி மட்டும்தானே’ங்கிற மாதிரி கேக்குற அந்தக் காட்சியை இன்னிக்கும் ஆளாளுக்கு நடிச்சுக் காட்டுவாங்க. பூஜாயா நடிச்ச ஜோலினா மக்டங்கல் அதுல பிச்சு உதறியிருப்பாங்க. ஆனா அவங்களும் நெட்டா நடிச்ச மார்வின் அகஸ்டினும் ஏற்கெனவே ஊரறிஞ்ச லவ் டீம். அதனால பூஜாய் எவ்வளவு அழுதாலும், சேர மாட்டாங்களோன்னு நமக்குப் பயமே வராது.

[திரையில்: கிட்டார் கேபிள்கள், ஸ்டிக்கர் ஒட்டின ஆம்ப்]

இப்ப 2011க்கு வருவோம். குவார்க் ஹெனாரெஸ் இயக்கின ‘ராக்கென்ரோல்’. ‘ஓடி’ங்கிற பையனா ஜேசன் அபலோஸ், ‘ஐரீன்’ங்கிற பொண்ணா கிளைசா தே காஸ்ட்ரோ. ரெண்டு பேரும் உயிர் நண்பர்கள். உள்ளூர் ராக் இசைன்னா ரெண்டு பேருக்கும் பைத்தியம். மோ, ஜூன்ஃபோர்னு இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு ‘ஹாப்பிபாக்ஸ்’னு ஒரு பேண்ட் ஆரம்பிக்கிறாங்க. ஓடிக்கு ஐரீன் மேல காதல். வாயத் திறக்க மாட்டான். நடுவுல ஜாக்கி ரோச்சாங்கிற ராக் ஸ்டார் வந்து நிக்கிறான். டீத்தர் ஒகாம்போ அந்த வேஷத்துல சிரிக்க வெச்சே நம்ம வயித்தெரிச்சலைக் கொட்டிக்குவாரு.

கதை இவ்வளவுதான். இதுல என்ன புதுசு?

ஜேசனும் கிளைசாவும் ஸ்டூடியோ ஒட்ட வெச்ச லவ் டீம் இல்ல. அந்த ஒரு விஷயம் எல்லாத்தையும் மாத்திடுது. ஐரீன் ஜாக்கியைப் பார்த்துச் சிரிச்சா நமக்கு நிஜமாவே பக்குன்னு ஆகும். ஏன்னா ஓடி தோக்கவும் செய்யலாம். அதோட, ஓடி வாயத் திறந்து அவ ‘முடியாது’ன்னுட்டா, போறது சிநேகிதி மட்டும் இல்ல, பேண்டும் சேர்ந்தே போகும். அவன் மௌனத்துக்கு வெறும் கூச்சம் மட்டும் காரணம் இல்ல.

[திரையில்: ஜன்னலுக்குக் கீழ கிட்டாரோட நிக்கிற பையன், பழைய பாணி ஓவியம்]

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. பிலிப்பைன்ஸ்ல ‘ஹரானா’ன்னு ஒரு பழைய வழக்கம். ராத்திரி கூட்டாளிகளைக் கூட்டிக்கிட்டுப் போயி, பொண்ணு வீட்டு ஜன்னலுக்குக் கீழ நின்னு பாடுறது. தெருவுக்கே கேக்கும், ஒளிவுமறைவே கிடையாது. ஓடிக்கும் இசை இருக்கு, கூட்டாளிகள் இருக்காங்க, அந்தப் பொண்ணும் பக்கத்துலயே நிக்கிறா. ஆனா இசைதான் இவனுக்கு ஒளிஞ்சுக்கிற இடம்.

[திரையில்: மணிலா, ராத்திரி. சின்ன பார், முண்டியடிக்கிற கூட்டம்]

படத்தோட உசுரு இன்னொரு இடத்துலயும் இருக்கு. ஹெனாரெஸோட சேர்ந்து திரைக்கதை எழுதின தியேகோ காஸ்தியோ, ‘சாண்ட்விச்’ பேண்டோட கிட்டாரிஸ்ட். மணிலா பக்கத்துல இருக்கிற மகாட்டியில ஒரு வீட்டையே பாரா மாத்தின ‘சாகிஹோ’ மாதிரி இடங்கள்ல, பாடுறவங்க வேர்வை கேக்குறவங்க மேல தெறிக்கிற தூரத்துல வாசிச்சவங்க இவங்க. அதனால கிண்டல் எல்லாம் உள்ளேருந்து வருது. அலட்டல் ராக் ஸ்டாரை இவ்வளவு சரியாக் கலாய்க்க, கூடவே இருந்து பார்த்தவங்களாலதான் முடியும். குறையும் அங்கேதான். சில ஜோக் அந்தக் கூட்டத்துக்கு மட்டும்தான் புரியும். நாம முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்போம்.

இந்த மாதிரிப் படத்துக்கு மேடை போட்டுக் கொடுத்தது 2005ல ஆரம்பிச்ச சினிமலாயா திரைப்பட விழா. 2011ல அதோட நிறைவுப் படமே ‘ராக்கென்ரோல்’தான். அதே 2005ல தொடங்கின ‘சினிமா ஒன் ஒரிஜினல்ஸ்’ விழாவுலேருந்து 2016ல ‘பாகா புகாஸ்’ வந்துச்சு. சமந்தா லீ இயக்கினது. அதுல அலெக்ஸ்ங்கிற பொண்ணு தன் உயிர்த்தோழி ஜெஸ் மேலயே ஆசைப்படுறா. லவ் டீம் கணக்கே செல்லுபடியாகாத இடத்துக்குக் கதை போயிடுது. அலெக்ஸா நடிச்ச ஜாஸ்மின் கர்ட்டிஸ் ஸ்மித்துக்கு அந்த விழாவுல சிறந்த நடிகை விருது.

ஓடியும் ஐரீனும் சேர்ந்தாங்களான்னு நான் சொல்லப் போறதில்ல. முதல்ல ‘லாப்ஸ் கீத்தா’ பாருங்க, அடுத்து ‘ராக்கென்ரோல்’. ரெண்டுல எதுல உங்களுக்கு நிஜமாவே பயம் வந்துச்சுன்னு மட்டும் கமெண்ட்ல போடுங்க.