ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: மங்கிய விண்மீன்களும் நம் ஊர்த் தெருவிளக்குகளும்

(வாணியம்பாடியில் நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற கல்வி அலுவலர் அவர்களே, என் மனைவிக்கே தெரியாத என் சிறப்புகளை எல்லாம் வரவேற்புரையில் எடுத்துச் சொன்ன நூலகர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, வணிகர் சங்கப் பெரியவர்களே, மின்வாரியத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொறியாளர் அவர்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம். பொறியாளர் ஐயா தயவுசெய்து பாதியில் எழுந்து போய்விடக் கூடாது. இன்று அவரையும் தலைவரையும் பார்த்துத்தான் அதிகம் பேசப்போகிறேன். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி. என் வீட்டு அலமாரியில் இனிப் பொன்னாடைக்கு இடமில்லை, புத்தகத்துக்கு எப்போதும் உண்டு.

மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்தேன். விண்மீனின் ஒளியை எண்ணால் சொல்லும் வழக்கம் எப்படி வந்தது என்பது ஒன்று. கண்ணுக்கே தெரியாத மங்கிய விண்மீன்களை ஏன் அளவுகோலாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இரண்டு. விண்மீன்களை அளக்க ஐரோப்பியர் அனுப்பிய கயா விண்கலம் வந்த பிறகு அந்த அளவுகோல்களின் கதி என்ன என்பது மூன்று. நேரம் இருந்தால் மூன்றையும் பார்ப்போம்.

என்னிடம் படித்தவர்கள் சிலர் பின்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்ற பழமொழி எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். இதோ, வந்துவிட்டது. இன்னும் வரும்.

வானத்து மீன்களை ஒளிக்கேற்ப முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறு படிகளாகப் பிரித்தவர்கள் பழைய கிரேக்கர்கள். கண்மதிப்புதான். ஒருவர் மூன்று என்பார், இன்னொருவர் நான்கு என்பார். 1856-ல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நார்மன் போக்சன் என்பவர் இதற்கு ஒரு கணக்கு கொடுத்தார். ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக நூறு மடங்கு வித்தியாசம். அப்படியானால் ஒரு படிக்கு 2.512 மடங்கு. எண் ஏற ஏற ஒளி குறையும். உலகம் முழுவதும் இன்றும் இதே கணக்குதான். இந்த எண்ணைப் பொலிவெண் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் போக்சனை நான் விட்டுவிட்டுப் போக முடியாது. 1861-ல் அவர் சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கத்தில், இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில், 1792-ல் கட்டிய வானாய்வகம் இருந்தது. அதன் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது, தமிழிலும் கல்வெட்டு உண்டு. வந்த ஆண்டிலேயே ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார். அவரிடம் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார்.

1872-ல் நடந்ததைக் கேளுங்கள். பியலா என்று ஒரு வால்மீன். 1846-ல் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாகப் பிளந்தது. 1852-ல் இரண்டு துண்டுகளும் திரும்பி வந்தன. பிறகு ஆளைக் காணவில்லை. இருபது ஆண்டு கழித்து நவம்பர் 27 அன்று இரவு, ஐரோப்பா முழுவதும் எரிமீன்கள் மழையாகப் பொழிந்தன. ஜெர்மனியின் கேட்டிங்கன் நகரில் கிளிங்கர்ஃபியூஸ் என்ற வானியலாளர் கணக்குப் போட்டார். காணாமல் போன வால்மீன்தான் பூமியை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அப்படியானால் இப்போது அது வானத்தின் எதிர்ப்பக்கம், தென்திசையில், தீட்டா சென்டாரி என்ற மீனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜெர்மனியிலிருந்து அந்தப் பகுதியைப் பார்க்க முடியாது. தெற்கே நல்ல கண்ணும் பொறுமையும் உள்ள ஆள் யார்? அடித்தார் தந்தி, சென்னைக்கு! பியலா 27-ஆம் தேதி பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி அருகே தேடு. அவ்வளவுதான் செய்தி. சொல்லுக்குக் காசு வாங்கிய காலமல்லவா!

தந்தி வந்தது சரி. சென்னையில் அப்போது என்ன பருவம்? நம் தாய்மார்களுக்குத் தெரியும், துணி காயாத பருவம். வடகிழக்குப் பருவமழை. போக்சன் விடியற்காலையில் எழுந்து பார்க்கிறார், மேகம். மறுபடி பார்க்கிறார், மேகம். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு விடியலில் மேகம் கொஞ்சம் கிழிந்தது. அந்த இடைவெளியில், சொன்ன இடத்தில், ஒரு வால்மீன்! அடுத்த விடியலிலும் பார்த்தார். இந்த முறை மெல்லிய வாலும் தெரிந்தது. ஒரு வால்மீனின் பாதையைக் கணக்கிட மூன்று நாள் பார்வை வேண்டும். இரண்டு கிடைத்துவிட்டது, ஒன்றே ஒன்று பாக்கி. மூன்றாவது நாள்? மழை. அடுத்த நாள்? மழை. மழை விட்டபோது வால்மீன் போய்விட்டது. பிற்பாடு கணக்குப் பார்த்தவர்கள், அவர் கண்டது பியலாவாக இருக்க முடியாது என்றார்கள். அப்படியானால் எது? இன்றுவரை முடிவில்லை. ஒரு விடியற்காலை மேகம், நூற்றைம்பது ஆண்டுப் புதிர்.

நுங்கம்பாக்கத்திலிருந்து மங்கலான வால்மீனைப் பார்க்க அன்று குறுக்கே நின்றது மேகம் மட்டும்தான் என்பதை மனதில் வையுங்கள். இன்று மேகமே இல்லாத இரவில் அங்கே நின்று பாருங்கள்.

சரி, பொருளுக்கு வருகிறேன். கணக்கு கிடைத்தது. ஆனால் அளக்க முத்திரையிட்ட எடைக்கல் வேண்டாமா? கடைக்காரரிடம் தராசு இருந்தால் போதுமா? அதற்காகத்தான் ஹார்வர்டில் ஹென்ரியெட்டா லீவிட் அம்மையார் வடதுருவத்தைச் சுற்றிய 96 விண்மீன்களைப் புகைப்படத் தகடுகளில் அளந்து 1917-ல் வெளியிட்டார். 13 தொலைநோக்கிகளில் எடுத்த 299 தகடுகள். நான்காம் பொலிவெண்ணில் தொடங்கி 21 வரை. அசாத்தியமான உழைப்பு. குறை அவரிடம் இல்லை, இடத்தில் இருந்தது. துருவ மீன் நம் வாணியம்பாடியிலிருந்து அடிவானத்துக்கு மேலே சுமார் 13 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. அந்த ஒளி, தலைக்கு மேலுள்ள மீனின் ஒளியைப்போல நான்கு மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து வருகிறது. தென்னாப்பிரிக்காவிலும் சிலியிலும் அது எழுவதே இல்லை. ஆகவே வான நடுவரையை, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானத்தில் நாம் கற்பனையாக வரையும் கோட்டை, ஒட்டிய மீன்கள்தான் இரு பக்கத்தாருக்கும் பொது. டச்சு வானியலாளர் கப்டைன் 1906-ல் வானத்தில் 206 பகுதிகளைக் குறித்து வைத்திருந்தார். நடுவரையில் உள்ளவை 92 முதல் 115 வரை எண்ணிட்டவை.

நிறத்துக்கும் ஓர் அளவு உண்டு. 1953-ல் ஜான்சன், மார்கன் இருவரும் யு, பி, வி என்று மூன்று வடிகட்டிகளை வகுத்தார்கள்: புற ஊதா, நீலம், பச்சையும் மஞ்சளும் கலந்த நடு ஒளி. பி-யில் வரும் பொலிவெண்ணிலிருந்து வி-யில் வருவதைக் கழித்தால் நிறம் எண்ணாகிவிடும். சித்திரை நட்சத்திரத்துக்கு அது மைனஸ் 0.23, நீலம். சூரியனுக்குச் சுமார் 0.65. திருவாதிரைக்கு 1.85, சிவப்பு. இன்று இரவு மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள் என்று சொல்ல ஆசைதான். பக்கத்தில் உயர்கோபுர மின்விளக்கு இல்லாத மொட்டைமாடி உள்ளவர்கள் பாருங்கள்.

ஜான்சனின் அளவுகோல் மீன்கள் பளிச்சென்றவை. பெரிய தொலைநோக்கியும் கூரிய ஒளியுணரியும் வந்ததும் அதுவே தொல்லையாகிவிட்டது. பொன் நிறுக்கும் தராசில் ஐம்பது கிலோ கல்லை வைத்தால் தராசு என்ன ஆகும்? நான்கு மீட்டர் தொலைநோக்கிக்கு ஆறாம் பொலிவெண் மீன் அந்தக் கல். அதற்கு அதைவிடப் பத்தாயிரம் மடங்கு மங்கிய, 16-ஆம் பொலிவெண் மீன்கள் வேண்டும். அவற்றை யார் உட்கார்ந்து அளப்பது? புதுக் கோளைக் கண்டால் பத்திரிகையில் படம் வரும். எடைக்கல் செய்பவனுக்கு யார் மாலை போடுவார்கள்?

அந்த வேலையை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஆர்லோ லாண்டோல்ட். அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். 1957-ல் தென்துருவ நிலையத்தில் முதன்முதலாகக் குளிர்காலம் முழுவதும் தங்கிய குழுவில் ஒருவர். மாதக்கணக்கில் விடியாத இரவைப் பார்த்தவருக்கு மலையுச்சி இரவு எம்மாத்திரம்! சிலியின் செரோ டோலோலோ மலையில் இரவு இரவாக அமர்ந்து, கப்டைன் குறித்த நடுவரைப் பகுதிகளை அளந்தார். 1973-ல் ஒரு பட்டியல், 1983-ல் ஒன்று, 1992-ல் பெரிய பட்டியல். கடைசியில் 526 விண்மீன்கள், பெரும்பாலும் 11.5 முதல் 16 வரை பொலிவெண். ஒவ்வொன்றையும் சராசரியாக 19 இரவுகளில் 29 முறை அளந்திருக்கிறார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இந்த மனிதர் அளந்ததையே 29 முறை அளந்து போட்டார்! ஒரே இரவில் அளந்தால் அன்றைய காற்றின் தூசும் ஈரமும் கணக்கில் ஏறிவிடும். அந்த மீனே ஒளி மாறும் மீனாக இருந்துவிட்டாலோ, உலகத்தின் எடைக்கல்லே கோணல். அந்த ஏமாற்று அவருக்குப் புதிதல்ல. எச்எல் டாவ் 76 என்ற வெண்குறு மீன், அதாவது எரிந்து தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன், ஏறத்தாழ 12.5 நிமிடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைவதை 1968-ல் அறிவித்தவரே அவர்தான். அப்படித் துடிக்கும் வெண்குறு மீன்களில் முதலில் கிடைத்தது அது.

அவர் 2022-ல் காலமானார். உலகத்தின் எந்த மூலையில் சூப்பர்நோவா வெடித்தாலும் அதன் ஒளியை அளப்பவர்கள் அவர் பட்டியலைத்தான் பல்லாண்டு காலம் புரட்டினார்கள்.

இப்போது பொறியாளர் ஐயா கவனிக்க வேண்டும். மங்கிய மீனை அளப்பது எப்படி? தொலைநோக்கியின் குவியத்தில் ஒரு சிறு துளை. மீன் அதற்குள் விழ வேண்டும். ஆனால் மீனைச் சுற்றிய வானமும் கூடவே விழும். முதலில் இரண்டையும் சேர்த்து அளந்து, பிறகு பக்கத்தில் வெறும் வானத்தை மட்டும் அளந்து கழிக்க வேண்டும். 14 வில்விநாடி அகலத் துளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு வில்விநாடி. நிலவில்லாத, விளக்கில்லாத, மிக இருண்ட மலையிலும் அந்தத் துளைக்குள் விழும் வெறும் வானத்தின் ஒளி ஏறத்தாழ 16.3 பொலிவெண். அதாவது 16-ஆம் பொலிவெண் மீனும் வானமும் கிட்டத்தட்டச் சரிபாதி. நல்ல இடத்திலேயே இதுதான் நிலைமை. அதே துளையை ஒரு நகரத்து வானத்துக்குத் திருப்பினால், வானத்தின் ஒளி மட்டும் 12.5-க்கு வந்துவிடும். மீனைவிட வானம் 25 மடங்கு பிரகாசம். இருபத்தாறு ரூபாயிலிருந்து இருபத்தைந்தைக் கழித்து, மிஞ்சிய ஒரு ரூபாயை நூற்றில் ஒரு பங்கு பிழையில்லாமல் சொல் என்றால் யாரால் முடியும்?

நமக்கென்ன, சிலிக்காரன் பாடு என்று இருக்க முடியாது. ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வானாய்வகம். நம் நாட்டு வானியலாளர் வைணு பாப்பு தேடித் தேர்ந்த இடம். 1977-ல் யுரேனஸ் கோளின் வளையங்கள் வெளிப்பட்ட அந்த இரவில் காவலூரும் அளந்தது. 1986-ல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அங்கிருந்து பார்த்தால் லாண்டோல்ட்டின் நடுவரை மீன்கள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே கடந்து போகும். உலகத்தில் எத்தனை ஊருக்கு இந்தக் கொடுப்பினை! அந்த மலையின் அடிவானத்தில் இரவெல்லாம் தெரியும் வெளிச்சம் யாருடையது? ஒரு பங்கு நம்முடையது.

நான் இருட்டில் நடங்கள் என்று சொல்ல வரவில்லை. பெண் பிள்ளைகள் டியூஷன் முடிந்து வரும் தெருவில் விளக்கு வேண்டும், கட்டாயம் வேண்டும். தரையில் வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். மூடியில்லாத விளக்கு தன் ஒளியில் ஒரு பங்கை நேரே வானத்துக்கு அனுப்புகிறது. அதற்கும் மீட்டர் ஓடுகிறது, நகராட்சி பணம் கட்டுகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் முன்னோர். நாம் ஆகாயத்தில் அளக்காமலே கொட்டுகிறோம்.

நிறத்திலும் ஒரு வினை இருக்கிறது. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டியே அடங்கியிருந்தது. வி வடிகட்டிக்குத் தொல்லை, பி வடிகட்டி தப்பித்தது. வெள்ளை எல்இடி விளக்கு அப்படியல்ல. அதன் நீல முனை 450 நானோமீட்டர் அருகே, பி வடிகட்டியின் நட்டநடு மண்டையில் விழுகிறது. நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கெல்வின் என்பது விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் ஏற ஏற நீலம் கூடும். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருப்பதைத் தவிர்த்து, 3000-க்கு மேற்படாத மஞ்சள் கலந்த வெள்ளையை வாங்கினால் பாதித் தொல்லை தீரும்.

2022-ல் லடாக்கின் ஹான்லே பகுதி இருள் வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஊர் மக்களே விண்மீன் காட்டும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள், சுற்றுலாப் பயணிகளால் வருமானமும் வருகிறது. வணிகர் சங்கத்தார் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கயா விண்கலத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். பூமியின் காற்றுமண்டலத்துக்கு வெளியே இருந்து அளந்ததால் அதற்குத் தெருவிளக்குத் தொல்லை இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். மற்றது அடுத்த கூட்டத்தில், நூலகர் மறுபடி அழைத்தால்.

வாசலில் மேசைமேல் ஒரு மனு வைத்திருக்கிறது. மூன்று கோரிக்கைகள்தான். புதிதாகப் போடும் தெருவிளக்குகளுக்கு மேல்மூடி வேண்டும். 3000 கெல்வினுக்கு மேற்பட்ட விளக்கு வாங்கக் கூடாது. இரவு பதினொரு மணிக்குமேல் விளம்பரப் பலகை விளக்குகளை அணைக்க வேண்டும். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடுவதாக மேடை ஏறும் முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறார், உங்கள் முன்னிலையில் நினைவூட்டுகிறேன். மாணவர்கள் கையெழுத்திட வேண்டாம், பெற்றோரை அழைத்து வந்தால் போதும். பேனா தீர்ந்துபோனால் நூலகரிடம் இன்னொன்று இருக்கிறது. நன்றி, வணக்கம்.