"நீக்ரோ" என்ற சொல்லை ஏன் கைவிட்டார்கள்? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த சந்தேகம். அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பிய ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். "பேச்சுவாக்கில் நீக்ரோ என்று சொல்லிவிட்டேன். பேத்தி பதறிப்போய், அப்படிச் சொல்லாதீர்கள் தாத்தா என்றாள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததே அந்தச் சொல்தான். மார்ட்டின் லூதர் கிங்கும் அப்படித்தான் பேசியிருக்கிறார். அவர் சொன்னால் சரி, நான் சொன்னால் தவறா? இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் எதைத்தான் சொல்வது?"

ஐயா, நியாயமான கேள்வி. கிங் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது உண்மை. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தில் அவர் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் அது திரும்பத் திரும்ப வருகிறது. அன்றைக்கு அதுதான் மரியாதையான சொல். அந்த மரியாதையும் அவர்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை.

ஆங்கிலத்தில் ஓர் இனத்தாரின் பெயரை எழுதினால் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடுவார்கள். நம் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பேதம் கிடையாது என்பதால் இதில் இருக்கும் அவமானம் நமக்குச் சட்டென்று உறைக்காது. ஐரிஷ்காரர், இத்தாலியர், யூதர் எல்லோருக்கும் பெரிய எழுத்து. நீக்ரோவுக்கு மட்டும் மேசை, நாற்காலிக்குப் போடுகிற சிறிய எழுத்து. டு பாய்ஸ் போன்ற கறுப்பின அறிஞர்கள் இதை மாற்றச் சொல்லிப் பத்திரிகைகளோடும் பதிப்பகங்களோடும் பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றார்கள். 1930 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இணங்கியது. இது வெறும் அச்சு மாற்றம் அல்ல, தலைமுறை தலைமுறையாகச் சிறிய எழுத்தில் வைக்கப்பட்டிருந்தவர்களின் சுயமரியாதைக்குத் தரும் அங்கீகாரம் என்ற பொருளில் அந்தப் பத்திரிகை எழுதியது. கிங்கின் நாவில் வந்தது அப்படிப் போராடி நிமிர்த்திய சொல்.

அதற்கும் முன்னால் 'கலர்ட்', அதாவது நிறத்தவர், என்ற சொல் பெருவழக்கில் இருந்தது. 1909இல் தொடங்கிய என்.ஏ.ஏ.சி.பி. என்ற உரிமை அமைப்பின் பெயரில் இருக்கும் 'சி' அந்தச் சொல்தான். அமைப்பு இன்றும் அதே பெயரில் இயங்குகிறது. ஆனால் தென் மாநிலங்களில் குடிநீர்க் குழாய்க்கு மேலும், ரயில் நிலையக் காத்திருப்பு அறையின் கதவிலும் 'கலர்ட்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். உன் இடம் அங்கே, இங்கே வராதே என்று தினந்தோறும் சொன்ன பலகை அது. அந்தப் பலகையைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நீக்ரோ என்ற சொல்லுக்கும் அவர்களுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. 1928இல் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர், டு பாய்ஸ் ஆசிரியராக இருந்த 'தி கிரைசிஸ்' இதழுக்குக் கடிதம் எழுதினார். நீங்களே எங்களை நீக்ரோ என்று எழுதலாமா, அது வெள்ளையர் எங்களைத் தாழ்த்த வைத்த சொல் அல்லவா என்று கேட்டிருந்தார். டு பாய்ஸ் பொறுமையாகப் பதில் எழுதினார். பெயரைப் பொருளென்று எண்ணி மயங்காதே, நம்மை வெறுப்பவன் பெயரை மாற்றினாலும் வெறுக்கத்தான் செய்வான் என்பது அவர் பதிலின் சாரம். எவ்வளவு பெரிய அறிஞர்! ஆனாலும் என் மனம் அந்த மாணவர் பக்கமும் சாய்கிறது. பெயர் மாறினால் வெறுப்பு போய்விடாது, சரி. அப்படியானால் ஒரு பெரிய எழுத்துக்காக டு பாய்ஸ் ஏன் அத்தனை ஆண்டுகள் போராட வேண்டும்? என்னை எப்படி அழைப்பது என்று நான்தான் சொல்வேன் என்பதும் உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதிதான். அவர் வாழ்க்கையே அதற்குச் சாட்சி.

இப்போது 1966க்கு வருவோம். ஜூன் மாதம் மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட் ஊரில் ஸ்டோக்லி கார்மைக்கேல் என்ற இளைஞர் 'பிளாக் பவர்' என்று முழங்கினார். இன்று அது சாதாரணமாகத் தெரியும். அன்று அப்படி இல்லை. அதற்கு முந்தைய தலைமுறைக் கறுப்பினத்தவரிடையே ஒருவரைப் பார்த்துக் 'கறுப்பு' என்று சொன்னால் அது வசவு, அடிதடியில் போய் முடியும். வசையாக இருந்ததையே அந்த இளைஞர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எடுத்து அணிந்தார்கள். பெரியவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1968 கருத்துக்கணிப்பில்கூட நீக்ரோ என்பதை விரும்பியவர்களே பெரும்பான்மை. ஆனால் 1970களின் நடுவில் 'பிளாக்' முன்னுக்கு வந்துவிட்டது. பத்து ஆண்டுகூட ஆகவில்லை! நீக்ரோ என்ற சொல் பழைய பணிவின் வாடை வீசுகிற சொல்லாகிவிட்டது. அது கெட்டுப்போனது அப்போதுதான். யாரோ மேலிருந்து தடை போட்டதால் அல்ல, அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளே அதை வேண்டாம் என்று ஒதுக்கியதால்.

இந்த எழுச்சி நம் பக்கமும் வந்து சேர்ந்தது. 1966இல் கலிபோர்னியாவில் தோன்றிய பிளாக் பேந்தர் (கருஞ்சிறுத்தை) கட்சியைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் பேந்தர் இயக்கம் தன் பெயரைச் சூட்டிக்கொண்டது. அங்கிருந்து அந்தச் சிறுத்தை மதுரைக்கு வந்த கதை உங்களுக்கே தெரியும்.

பிறகு 1988 டிசம்பரில் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்ற பெயரை முன்வைத்தார். இங்குள்ள ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பூர்விக மண் பெயரிலேயே இருக்கிறது, எங்களுக்கும் இருக்கட்டும் என்பது அவர் வாதம். நியாயம்தான். எந்த ஊரிலிருந்து பிடித்து வந்தார்கள் என்பதையே அடிமை வணிகம் அழித்துவிட்டதால், அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு கண்டத்தின் பெயர்தான் மிச்சம். ஆனால் இந்தப் பெயரும் எல்லோருக்கும் பொருந்தவில்லை. ஜமைக்காவிலிருந்தோ நைஜீரியாவிலிருந்தோ அண்மையில் குடியேறியவர்களில் பலர் அது தங்கள் வரலாறு அல்ல என்கிறார்கள். அதனால் 'பிளாக்' மறுபடியும் மேலே வந்தது. 2020 ஜூனில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அந்தச் சொல்லுக்குப் பெரிய எழுத்துப் போட முடிவு செய்தது. 1930இல் வாங்கியதை 90 ஆண்டுகள் கழித்து வேறொரு சொல்லுக்காக மறுபடியும் வாங்க வேண்டியிருந்திருக்கிறது!

அரசாங்கம் இதில் ரொம்பவும் மெதுவாக நகர்ந்தது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில்கூட நீக்ரோ என்ற சொல் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, 2000இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் கைப்பட அந்தச் சொல்லையே எழுதியிருந்தார்கள் என்று அதிகாரிகள் காரணம் சொன்னார்கள். இதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் தன்னை நீக்ரோ என்றே சொல்லிக்கொண்ட ஒரு மூதாட்டியிடம் போய், நீங்கள் சொல்வது தவறு என்று யார் சொல்ல முடியும்? 2013இல்தான் அதை நீக்குவதாக அறிவித்தார்கள். 1970களின் இரண்டு சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சொல்லை நீக்கும் மசோதாவில் 2016இல் ஒபாமா கையெழுத்திட்டார்.

நம் ஊர்த் தொடர்புள்ள ஒருவரைச் சொல்கிறேன். கமலா ஹாரிஸின் தாய் ஷியாமளா கோபாலன் தமிழர், தந்தை ஜமைக்காக்காரர். கறுப்பின மாணவர்களுக்காக வளர்ந்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர் கமலா. தன்னைக் கறுப்பினப் பெண் என்றும் தெற்காசியர் என்றும் சொல்லிக்கொள்பவர். 2024 ஜூலை இறுதியில் சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கூட்டத்தில் டிரம்ப், அவர் இந்தியராகத்தானே இருந்தார், திடீரென்று கறுப்பினத்தவர் ஆகிவிட்டாரே என்ற தொனியில் பேசினார். இங்கேயும் சிலர், 'நம் பெண்தானே, எதற்குக் கறுப்பினம் என்கிறார்' என்று குறைபட்டார்கள். இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. ஒரு மனுஷி தான் யார் என்று சொன்ன பிறகு, இல்லை நீ இன்னார் என்று திருத்த நாம் யார்?

வெளியிலிருந்து வைக்கும் பெயர் நல்லெண்ணத்தோடு வந்தாலும் ஒட்டாது என்பதற்கும் சான்று இருக்கிறது. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை ஆண், பெண் பேதமில்லாமல் குறிக்க 'லத்தீனெக்ஸ்' என்ற சொல்லைப் படித்தவர்கள் சிலர் பரப்பினார்கள். பியூ ஆய்வு மையம் அந்த மக்களிடமே கேட்டு 2024இல் வெளியிட்ட ஆய்வில், 4 சதவீதத்தினர்தான் தங்களை அப்படி அழைத்துக்கொண்டார்கள். அதேபோல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புண்படுத்துகிற 'கலர்ட்' தென்னாப்பிரிக்காவில் ஒரு சமூகத்தின் பெயராகவே இன்றும் வழங்குகிறது. அங்கேயும் அதை ஏற்காதவர்கள் உண்டு.

ஆகவே, எதைச் சொல்வது? தமிழில் பேசும்போது 'கறுப்பினத்தவர்', 'கறுப்பின மக்கள்' என்று சொல்லுங்கள். அமெரிக்காவில் தலைமுறைகளாக வாழ்பவர்களைப் பற்றிப் பேசினால் 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்பதும் சரி. எதிரில் இருப்பவர் நைஜீரியர் என்றால் நைஜீரியர் என்றே சொல்லலாம். அவரே வேறு பெயர் சொன்னால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இனத்தைச் சொல்லவே தேவையில்லாத இடத்தில் 'பக்கத்து வீட்டுக்காரர்' போதும்.

கிங்கின் உரையைத் தமிழில் படிக்கும்போதோ மொழிபெயர்க்கும்போதோ மட்டும் அந்தப் பழைய சொல்லை மாற்றாதீர்கள். 1963இல் அவர் தேர்ந்த சொல் அது, அப்படியே இருக்கட்டும். பேத்தியும் நீங்களும் உட்கார்ந்து அந்த உரையைச் சேர்ந்து படிக்கலாம். எந்த ஆண்டில் யார் சொன்னது என்பதையும் அவளிடம் சொல்லுங்கள், மீதியை அவள் உங்களுக்குச் சொல்லுவாள். அடுத்த கேள்வியைப் பார்க்கலாம்.