பீரோ நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு ராப்பா நூயி

வீடு மாற்றும்போது இரும்பு பீரோ நகர்த்தியிருப்பீர்கள். தூக்க முடியாது, தள்ளினால் தரை கீறும், அதனால் ஒரு பக்கம் சாய்த்து ஒரு காலை முன்னால் வைத்து, அப்புறம் மறுபக்கம் சாய்த்து அடுத்த காலை வைத்து, அசைந்து அசைந்தே சுவரோரம் கொண்டுபோய் நிறுத்துவோம். இந்த வித்தை தெரிந்தவர்களுக்கு இன்று நான் பேசப்போவதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

ராப்பா நூயியை ஈஸ்டர் தீவு என்றால்தான் பலருக்குப் புரியும். 1722-இல் ரொக்கவீன் என்ற டச்சுக் கப்பல்காரர் கண்ணில் அது பட்ட நாள் ஈஸ்டர் ஞாயிறு, பெயருக்குக் காரணம் அவ்வளவுதான். அந்த மக்கள் சொல்வது ராப்பா நூயி, நானும் அப்படியே சொல்கிறேன். சிலி நாட்டுக் கரையிலிருந்து மேற்கே சுமார் 3,500 கிலோமீட்டர். ஆள் வசிக்கும் பக்கத்துத் தீவுக்கே 2,000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். தீவு ஒரு முக்கோணம், மூலைக்கு ஒரு எரிமலை: கிழக்கே போயிக்கே, தென்மேற்கே ரானோ காவ், வடக்கே தெரேவாகா. மூன்றும் கக்கிய குழம்பு ஒன்றோடொன்று ஒட்டித்தான் இந்த 164 சதுர கிலோமீட்டர் நிலமே உண்டானது.

ஆறு கிடையாது. மழை பெய்யும், ஆனால் பொத்தல் பொத்தலான எரிமலைக் கல் அத்தனையையும் குடித்துவிட்டு, கடற்கரையில் அலை இறங்கும் நேரத்தில் நல்ல தண்ணீராகக் கசியவிடும். இங்கே விவசாயம் எப்படி? வயல் முழுக்கக் கல்லைப் பரப்பினார்கள். நாம் கல்லைப் பொறுக்கி வரப்பில் போடுவோம், இவர்கள் கொண்டுவந்து கொட்டினார்கள்! கல் மூடிய மண்ணில் ஈரம் சீக்கிரம் காயாது, காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாது, உடைந்த கல்லிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தும் இறங்கும். வாழைக்கும் சேம்புக்கும் கிணற்று உறை மாதிரி வட்டமாகக் கல் அடுக்கி, உள்ளே நட்டார்கள். அதற்கு மானாவாய் என்று பெயர். முக்கியமான சாப்பாடு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அது தென் அமெரிக்கப் பயிர், பசிபிக் தீவுகளில் குடியேறிய கடலோடிகளான பாலினீசியர்கள் (இந்தத் தீவு மக்களும் அவர்கள்தான்) படகிலேயே அந்தக் கண்டம்வரை தொடர்பு வைத்திருந்தார்கள் என்பதற்கு அந்தக் கிழங்கே சாட்சி.

சரி, சிலைகளுக்கு வருகிறேன், அதற்காகத்தானே வந்தீர்கள். மனித உருவில் செதுக்கிய ராட்சதக் கற்சிலைகள், பெயர் மோவாய். நம் மோவாய்க்கட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அந்த முகங்களைப் பார்த்தால் இருந்திருக்கலாமோ என்று தோன்றும். கிட்டத்தட்ட ஆயிரம் சிலைகள். பெரும்பாலானவை ரானோ ராராக்கு என்ற எரிமலையின் சரிவில், சாம்பல் இறுகிய மெத்தென்ற கல்லில், அதைவிடக் கடினமான கல் உளியால் கொத்தியவை. இரும்பு கிடையாது. நானூறு சிலைபோல இன்னும் அங்கேயே நிற்கின்றன, சிலது முதுகு பாறையை விட்டுப் பிரியாமல் படுத்தபடியே கிடக்கின்றன.

இத்தனை டன் கல்லை எப்படிக் கொண்டுபோனார்கள்? தீவுக்காரர்களைக் கேட்டால் “நடந்து போயின” என்பார்கள். கேட்டவர்கள் ரொம்ப நாள் சிரித்தார்கள். 2012-இல் வெளியான ஒரு சோதனையில், நாலு டன்னுக்கு மேல் எடையுள்ள நகல் சிலை ஒன்றில் மூன்று கயிறு கட்டி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்து, ஒரு கயிறு பின்னால் விழாமல் பிடித்துக்கொள்ள, 18 பேர் சில நூறு மீட்டர் நடத்திக்காட்டினார்கள். பீரோதான்!

நமக்குச் சொல்லிக்கொடுத்த கதை வேறு. சிலைப் பைத்தியம் பிடித்து மரமெல்லாம் வெட்டி, பட்டினியில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு அழிந்தார்கள் என்று. பனங்காடு போனது உண்மை, மனிதர்கள் வெட்டியதோடு எரித்ததும், கூடவே வந்த எலிகள் கொட்டைகளைத் தின்றதும் காரணம். ஆனால் ஜனங்கள் அப்போது அழியவில்லை. 2024-இல் வந்த மரபணு ஆய்வு, 15 பழைய எலும்புக்கூடுகளை வைத்து, 17-ஆம் நூற்றாண்டில் அப்படி ஒரு வீழ்ச்சிக்கு அடையாளமே இல்லை என்கிறது. எனக்கு இந்தக் கதைமேல் கோபம் உண்டு, கொன்றவனை விட்டுவிட்டு செத்தவனைக் குற்றம் சொல்கிற கதை அது.

கொன்றது யார்? 1862 கடைசியில் பெருவிலிருந்து ஆள்பிடிக்கும் கப்பல்கள் வந்தன. ஏறக்குறைய 1,500 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வெளியிலிருந்து நெருக்கடி வந்து திருப்பி அனுப்பியபோது உயிரோடு இறங்கியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு, கூடவே பெரியம்மையும் இறங்கியது. 1877-இல் தீவில் மிச்சம் 111 பேர். ரொங்கோரொங்கோ என்று பலகையில் செதுக்கிய எழுத்து ஒன்று இருந்தது, அதை வாசிக்கத் தெரிந்தவர்களும் அதோடு போனார்கள். இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை.

1888-இல் சிலி எடுத்துக்கொண்டது. அப்புறம் தீவே ஆட்டுப் பண்ணை. ஆடு தீவெங்கும் மேய, மனிதர்களை ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் வேலிபோட்டு அடைத்தார்கள். குடியுரிமை கிடைத்தது 1966-இல்.

ஒரு சிலை லண்டனில் இருக்கிறது, ஹோவா ஹக்கனானையா. 1868-இல் டோப்பாஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஏற்றிக்கொண்டு போனது. அதன் முதுகில் பறவைத் தலையும் மனித உடலுமான பறவைமனிதன் உருவங்கள் செதுக்கியிருக்கும். ரானோ காவ் உச்சியிலிருந்து செங்குத்தாக இறங்கி, சுறா திரியும் கடலில் நீந்தி, எதிரே உள்ள குட்டித் தீவிலிருந்து கடற்பறவையின் முதல் முட்டையை உடையாமல் கொண்டுவரும் போட்டியின் நினைவு அது. 2018-இல் தீவிலிருந்து ஒரு குழு லண்டன் போய், அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டது. சிலை இன்னும் அங்கேதான்.